ரோட்டேட்டருக்கு வந்த வியாதிகள்

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் டவர் என்று பெயர். மொட்டை மாடியில் இரும்புக் கோபுரம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் மீன் முள்ளைப் பெரிதாக்கியது போல ஓர் ஆண்டெனாவை மாட்டி வைத்திருக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கூரியர்காரர்கூட "டவருக்கு ஒரு பார்சல்" என்றுதான் வந்து நிற்பார். பார்சலில் கம்பியும் நட்டும் போல்ட்டும் இருக்கும். அக்காவுக்கு என்று ஒரு கர்ச்சீப் வந்ததாகக்கூட வரலாறு இல்லை.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ரேடியோவில் பேசுவது மாமாவுக்குப் பொழுதுபோக்கு. முறையாகப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, உலகத்தின் மூலை முடுக்கில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு, "என் குரல் கேட்கிறதா?" என்று கேட்பார். அவர்கள் நன்றாகக் கேட்கிறது என்பார்கள். இவரும் நன்றாகக் கேட்கிறது என்பார். பேச்சு முடிந்தது. இதற்காகத்தான் அந்தக் கோபுரம். அடுத்த அறையிலிருந்து அக்கா தொண்டை கிழியக் கூப்பிட்டால் அவர் காதில் விழாது என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படிப்பட்ட கோபுரத்துக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. என் தம்பி வானிலை நிலையத்து வேலைக்கு நடுக்கடலில் இருக்கும் ஒரு தீவுக்குப் போனான். காற்று எவ்வளவு வீசுகிறது, மழை எவ்வளவு பெய்கிறது என்று கருவிகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்த காலத்தில் வெளியே மழை பெய்தால் கொடியில் காயும் துணியை எடுக்கத் தெரியாதவன் அவன். தீவில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். போன் கிடையாது. சாட்டிலைட் இணைப்பு மழைக் கணக்கை அனுப்ப மட்டும். எப்போதாவது ஒரு மெயில் வரும், அதில் "நலம்" என்று இருக்கும். அவ்வளவு பாசம். ஆனால் அங்கே ஒரு ரேடியோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா தன் ஆண்டெனாவைத் தீவின் பக்கம் திருப்பினால் அவன் குரல் வந்துவிடும்.

இந்தத் திருப்புகிற விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அதற்குக் கேட்கும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் வெறும் இரைச்சல். அதனால் கோபுரத்து உச்சியில் அதைச் சுற்றிவிட ஒரு மோட்டர் உண்டு, ரோட்டேட்டர் என்பார்கள். கீழே ரேடியோ மேசையில் அதை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் பெட்டி. இடம், வலம் என்று ஒரு லீவர், எந்தத் திசை என்று காட்ட ஒரு முள். மேலுக்கும் கீழுக்கும் நடுவே சுவரோடு ஒரு தடித்த கேபிள் ஓடும்.

பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் மைக் பட்டனை அழுத்திப் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது. பேசினாலும் அந்தப் பக்கம் போகாது. முடித்ததும் "ஓவர்" என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் வாயை மூடிக்கொண்டிருந்த அதிசயம் அந்த மேசையில் மட்டும்தான் நடந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, அம்மா மைக்கைப் பிடித்து, சாப்பிட்டியா, தூங்கினியா, ஓவர் என்பாள். அவன் சாப்பிட்டேன், தூங்கினேன், ஓவர் என்பான். அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க அது போதும்.

அம்மா அக்காவோடுதான் இருக்கிறாள். தையல்காரி. கண்ணுக்குக் கண்ணாடி வந்த பிறகும் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிட்டதில்லை. தம்பியின் ஒப்பந்தம் முடியப்போகிறது, தீவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் கப்பல் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் தரையில் நிற்கவில்லை. முன்னறையிலிருந்த தன் தையல் மெஷினை நடைக்குத் தள்ளிவிட்டு, அறையை அவனுக்கென்று ஒழித்துவைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் முழங்காலில் ஒரு காயம். ஜன்னலுக்குத் திரை தைத்தாள். பையனுக்கு வெயில் முகத்தில் அடிக்கக் கூடாதாம். தீவில் அவன் தலைக்கு மேல் திரை போட்டிருந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கப்பலில் ஏறுகிறேன் அம்மா என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்க அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ரோட்டேட்டர் படுத்துவிட்டது. லீவரை அழுத்தினால் மாடியில் ஒரு முனகல் கேட்கும், முள் அசையாது. ஆண்டெனா தீவுக்கு முதுகைக் காட்டியபடி பக்கத்துத் தெருத் தண்ணீர்த் தொட்டியையே முறைத்துக்கொண்டிருந்தது.

மாமா வைத்தியம் ஆரம்பித்தார். முதல் வாரம் கபாசிட்டர் போய்விட்டது என்றார். புதியது வந்தது, மாற்றினார், முனகல்தான். அடுத்த வாரம் பிரேக் பிடித்துக்கொண்டது என்றார். அதற்கடுத்து, உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, மொத்தத்தையும் கீழே இறக்க வேண்டும், அதற்கு உயரம் ஏறும் ஆள் வர வேண்டும், அந்த ஆளுக்கு முதுகுவலி என்றார். ரோட்டேட்டருக்கு வாரம் ஒரு வியாதி, பார்க்க வருகிறவருக்கும் ஒரு வியாதி. அம்மா தினமும் காலையில் "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். மாமாவும் ஐ.சி.யு. வாசலில் நிற்கும் டாக்டர் மாதிரி தலையை ஆட்டுவார்.

எனக்கு வேலை வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். ஒரு சாமான் ரிப்பேர் என்பதை எத்தனை விதமாகப் பூசி மெழுகலாம் என்பது எனக்கு அத்துபடி, ஏனென்றால் அதைச் சொல்வதே நான்தான். உதிரிபாகம் வரவில்லை, ஆள் லீவு, அடுத்த வாரம் நிச்சயம். மாமா சொல்வதைக் கேட்கும்போது என் குரலையே கேட்பதுபோல் இருந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். இந்த மனுஷனுக்குக் கோபுரம் நடத் தெரிந்த அளவு ரிப்பேர் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு எரிச்சல் பட்டேன்.

எரிச்சலை வீட்டில் வந்து கொட்டினேன். அது தப்பு, ஏனென்றால் என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டர், பிரேக், சுவிட்சு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார். அவருக்கும் மாமாவுக்கும் ஏழாம் பொருத்தம். சகலை, சகலை என்று ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொள்வதைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, தட்டுகிற வேகத்தைக் கவனித்தால் தெரியும்.

"மோட்டர் முனகுதுன்னா உயிர் இருக்குன்னு அர்த்தம்," என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன். அது என்ன, ஏறி இறங்காம நின்ன இடத்துலயே சுத்தற லிஃப்ட், அவ்வளவுதானே?"

கப்பல் தீவைவிட்டுக் கிளம்ப சில நாட்களே இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு ஞாயிறும் வேலை நாள், போயிருந்தாள். என் வீட்டுக்காரர் கையில் டூல் பாக்ஸைப் பார்த்ததும் மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்கு சகலை உங்களுக்குச் சிரமம்? லீவு நாள்ல வந்து..."

"சிரமம் என்ன? பொழுது போக வேண்டாமா?"

"மேல ஏற முடியாது. காத்து பலமா இருக்கு."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சட்டை ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏற வேண்டியதே இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "கீழ இருந்தே கண்டுபிடிக்கலாம்." மாமா பதில் சொல்வதற்குள் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "பெரிய மாப்பிள்ளை, அவர்தான் பாக்கட்டுமே. நீங்களும் எவ்வளவுதான் மல்லாடுவீங்க?" என்றாள். மாமா கையைப் பிசைந்துகொண்டு ஒதுங்கினார். சகலையிடம் தோற்கப்போகிறோமே என்ற வருத்தம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

என் வீட்டுக்காரர் கன்ட்ரோலரின் பின்பக்கத்தைத் திருப்பினார். கேபிளிலிருந்து வரும் ஒயர்கள் வரிசையாக ஸ்க்ரூவில் மாட்டியிருந்தன. மீட்டரை எடுத்து ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பார்த்தார். தொடர்பு இருந்தால் மீட்டர் கூவும். கூவிக்கொண்டே வந்தது, ஓர் ஒயரில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்றை எதனோடு சேர்த்துத் தொட்டாலும் அப்படியே.

"பாத்தீங்களா? மோட்டருக்குள்ள ரெண்டு சுற்று இருக்கு. ஒண்ணுக்குத்தான் கரண்ட் போகுது. இன்னொண்ணு பட்டினி. அதான் முக்குது, சுத்த மாட்டேங்குது. கபாசிட்டராம், பல்சக்கரமாம்!"

"மோட்டருக்குள்ள அறுந்திருக்கும்," என்றார் மாமா அவசரமாக. "அப்படித்தான் இருக்கும். இறக்கித்தான் பாக்கணும்."

"மாடில கேபிள் ஜாயின்ட் இருக்கும்ல? அங்க பாத்தா தெரிஞ்சுடும்."

மாடிக்குப் போனோம். கோபுரத்தின் அடியில், மழைத் தண்ணீர் போகாதபடி மூடிபோட்ட ஒரு சின்ன பெட்டி. வீட்டிலிருந்து வரும் கேபிளும் மேலே போகும் கேபிளும் அதற்குள்தான் கைகோக்கின்றன. கீழே லீவரை அழுத்த ஓர் ஆள் வேண்டும் என்றதும் அம்மா தானே உட்கார்ந்துகொண்டாள். நான் படிக்கட்டில் நின்று அஞ்சல் செய்ய வேண்டும். இவர் மேலே "இடம்" என்பார், நான் "இடம்" என்று கத்துவேன், அம்மா "அழுத்திட்டேன்" என்பாள், கோபுரம் முனகும். அக்கம்பக்கத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஒரு தலை, "டவர் விழப்போகுதா?" என்று ஆவலோடு கேட்டது.

மேலே போகும் கேபிளை மட்டும் மீட்டரால் தொட்டதும் அது எல்லா ஒயரிலும் கூவியது. "மோட்டர் பிரமாதமா இருக்கு," என்றார். "கோளாறு இந்தப் பெட்டிக்குள்ளதான்." குனிந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. எதுவும் கையோடு வரவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு, கோளாறு காட்டிய ஒயரின் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி அதை வெளியே எடுத்தார். எடுத்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இங்க வாயேன், உங்க மாமா வேலையைப் பாரு."

போய்ப் பார்த்தேன். ஒயரின் நுனியில் பிளாஸ்டிக் உறையை உரிக்கவே இல்லை. ஸ்க்ரூ இத்தனை நாளும் உறையைத்தான் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது, உள்ளே இருக்கிற தாமிரத்தைத் தொடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமான வேலை. கரண்ட் மட்டும் போகாது.

"முதல் வாரம் வேலை கத்துக்க வர்ற பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான், சகலை!"

நான் சிரிக்கவில்லை. சிரிக்க வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன். மாமா தன் ஸ்பானர்களைச் சுவரில் அளவு வரிசையில் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி பெயிண்டில் கோடு போட்டு வைத்திருக்கிற மனுஷன். வேறொருவர் ஸ்பானர் அந்தக் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அவராவது ஒயரை உரிக்க மறப்பதாவது. உறை புத்தம்புதிதாக, பளபளவென்று வேறு இருந்தது. வருஷக்கணக்காக வேலை செய்த ஒயரின் பழைய நுனியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் இதை இப்படி மாட்ட முடியும். மறந்து செய்கிற காரியம் இல்லை இது, மெனக்கெட்டுச் செய்தது.

மாமாவைப் பார்த்தேன். அவர் திருதிருவென்று விழிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என்னிடம் வந்து தணிந்த குரலில், "இன்னைக்கு வேண்டாம்மா. அவர்கிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பார்," என்றார்.

"ஏன் மாமா?"

"இன்னும் கொஞ்ச நாள்தான்மா..."

என்ன ஏது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஒயரை உரித்து, மாட்டி, முறுக்கிவிட்டார். வேலையில் அவருக்கு அவ்வளவு வேகம். வீட்டுக் குழாய் சொட்டுவது மட்டும் போன மழைக்காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது. நான் கத்துவதற்குக்கூட அவர் காத்திருக்கவில்லை, படிக்கட்டுக்கு வந்து தானே குரல் கொடுத்தார்.

"அத்தை, இடம்!"

மேலே "டக்" என்று பிரேக் விட்டது. ஆண்டெனா சோம்பல் முறிப்பதுபோல் ஒரு சின்ன குலுக்கலோடு கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைக் கடந்து, தெருவைக் கடந்து, மெல்லச் சுற்றியது. கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "முள்ளு நகருது! முள்ளு நகருது மாப்பிள்ளை!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் இறங்கி வருவதற்குள் அம்மா முள்ளைத் தீவின் திசைக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்! ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. வழக்கமாக அவன் வரும் நேரம்தான். கொஞ்ச நேரத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பி, பக்கத்து அறையில் இருப்பதுபோலத் தெளிவாக வந்தது. தம்பிதான். பொழுது போகாமலோ என்னவோ, உலகத்தில் கேட்கிற எவரையும் பொதுவாகக் கூப்பிட்டு, யாராவது இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மாமா மைக்கை எடுக்கக் கையை நீட்டினார். அவருக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பாய்ந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாதவர்கள் மைக்கைத் தொடக் கூடாது என்று மாமா எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறார். வெற்றி பெற்ற மனிதருக்குச் சட்டமாவது ஒன்றாவது.

"மச்சான், சின்ன மாமா பேசறேன்! ரோட்டேட்டரைச் சரி பண்ணிட்டேன்! நல்லாக் கேக்குதா? ஓவர்!"

கையை எடுத்துவிட்டார். "அம்மா இங்க இருக்காங்க" என்ற மாமாவின் வார்த்தை மைக்குக்குள் போகாமல் எங்கள் நால்வருக்கு மட்டும் கேட்டது.

"சின்ன மாமாவா?" என்றான் தம்பி. "சரி பண்ணிட்டீங்களா? அய்யோ, எதுக்கு மாமா? டவர் மாமா உங்ககிட்ட சொல்லலையா? கப்பல் கிளம்பற வரைக்கும் ரிப்பேராவே இருக்கட்டும்னு நான்தான் மெயில்ல சொல்லியிருந்தேன்."

மாமா சவுண்டைக் குறைக்கும் திருகை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடுங்க, மாப்பிள்ளை," என்றாள் அம்மா.

எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது. குறுக்கே பேச வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை.

"நான் வரலை மாமா. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இப்பச் சொன்னா, கப்பல்ல ஏறு ஏறுன்னு உயிரை எடுப்பாங்க. கப்பல் போனப்புறம் சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது பாருங்க, ஒரு நாள் அழுதுட்டு விட்டுருவாங்க. எனக்கு இங்க நல்லாயிருக்கு. சாப்பிட்டியா தூங்கினியான்னு யாரும் நச்சரிக்கறதில்ல. நிம்மதியா இருக்கேன். அதனால தயவுசெஞ்சு எதையாவது திரும்பக் கழட்டி விட்டுருங்க மாமா. அம்மா வந்துரப் போறாங்க. ஓவர்."

என் வீட்டுக்காரர் ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் இன்னொரு கையில் மைக்குமாக நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, அடிக்கவும் தோன்றியது. மாமாமேல் கோபம் வந்தது. இத்தனை வாரமும் ஒரு பொய்யைத் தனியாகச் சுமந்து, அதற்குக் கபாசிட்டர் எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறாரே என்று நினைத்ததும் அந்தக் கோபம் நிற்கவில்லை. மிச்சக் கோபம் முழுவதையும் அந்தத் தீவுக்காரன்மேல் வைக்கப் பார்த்தேன். அவன் எனக்குத் தம்பி. அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் சாப்பிட்டியா எனக்கும்தான் எரிச்சலாக இருந்திருக்கிறது. அதை நான் யாரிடமும் மைக்கில் சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் செய்வதற்கு ஏதாவது வேலை இருந்திருக்கும். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். எப்போதும்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"அம்மா பேசறேன். இங்க ஒண்ணும் கேக்கலடா. ரோட்டேட்டர் ரிப்பேர். ஓவர்."

கையை எடுத்தாள்.

"அம்மா?" என்றான். "அம்மா, அது வந்து... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

அம்மா மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். லீவரை மறுபக்கம் அழுத்தினாள். மாடியில் பிரேக் விட்டது. முள் தீவைவிட்டு நகர ஆரம்பித்தது. "அம்மா, கொஞ்சம் கேளும்மா" என்ற குரல் முள்ளோடு சேர்ந்து தேய்ந்தது. பிறகு அம்மா என்ற வார்த்தை மட்டும் அடையாளம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. முள் கோடிக்குப் போய்த் தானாக நிற்கும்வரை அவள் லீவரிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

"நல்லா சுத்துது, மாப்பிள்ளை," என்றாள் அம்மா.